பத்துக்கு மூன்று

அறுபத்தொரு வயது வரைக்கும் அப்துல் கபூருக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. சீனி இல்லை, பிரஷர் இல்லை. கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூட என்று ஒருமுறை எழுதி வந்தது. அது பெருநாள் முடிந்த கையோடு இரத்தம் எடுத்ததால் வந்த கோளாறு என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். காத்தான்குடி மெயின் வீதியில் சாரன் கடை. காலையில் பேரீச்சை மரங்களுக்குக் கீழே நடந்து போய்க் கடையைத் திறப்பார், பகலுக்கு நடந்து வந்து சாப்பிடுவார். அப்படி நிம்மதியாக இருந்த மனிதரை நாலு நிமிட வீடியோ ஒன்று குப்புறத் தள்ளிவிட்டது.

அனுப்பியவன் வேறு யாருமில்லை, மகன் இஷாம்தான். கட்டாரில் வேலை. வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வாப்பாவுக்கு வீடியோ அனுப்புவது அவனுக்கு இரண்டாவது உத்தியோகம். பாதத்தில் வெங்காயம் கட்டு, வெறும் வயிற்றில் வெந்தயம் விழுங்கு, இடது பக்கம் சரிந்து படு. அனுப்புகிறவன் பார்த்தானோ இல்லையோ, அப்துல் கபூர் ஒவ்வொன்றையும் ஒழுங்காகப் பார்ப்பார். பிள்ளை கடல் கடந்து அனுப்பியதல்லவா.

செவ்வாய்க்கிழமை பகல் வந்த வீடியோவில், இந்தியத் தமிழ் பேசும் இளைஞன் ஒருவன் வெறுங்காலோடு தரையில் நின்றான். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையாம். எதையும் பிடிக்காமல் தரையில் உட்கார வேண்டும், எதையும் பிடிக்காமல் எழும்ப வேண்டும். உட்கார ஐந்து புள்ளி, எழும்ப ஐந்து புள்ளி. ஒரு கையை ஊன்றினால் ஒரு புள்ளி போய்விடும், ஒரு முழங்காலை ஊன்றினால் இன்னொன்று போய்விடும். அந்த இளைஞன் பஞ்சு மாதிரி உட்கார்ந்து பஞ்சு மாதிரி எழும்பினான்.

இளைய மகள் நிஸ்றா பக்கத்தில் இருந்து அதுவரைக்கும் பார்த்தாள். வந்தாறுமூலைக் கம்பஸில் விவசாயம் படிக்கிறாள். இரண்டு வருஷம் முடிந்து இரண்டு வருஷம் மிச்சம். போன கிழமைதான் வெல்லாவெளிப் பக்கம் ஒரு வயல் வட்டையில் பயிற்சி முடித்து, சப்பாத்து நிறையச் சேற்றோடு லீவில் வந்திருந்தாள். சாரன் வியாபாரியின் மகள் வயலுக்குள் இறங்குகிறாள் என்று ஊரில் நாலு பேர் பேசினார்கள். அப்துல் கபூருக்கு அதில் பெருமைதான், வெளியில் காட்டமாட்டார்.

"எழும்புங்க வாப்பா, செய்து பாப்பம். நான் மார்க் போடுறன்" என்று கொப்பியைத் திறந்தாள். "கள்ளம் செய்யப்படாது, சொல்லிட்டன்."

"எனக்கு இது ஒரு விசயமா?" என்று சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழும்பினார் அப்துல் கபூர்.

விசயமாகத்தான் போயிற்று. உட்காரும்போது இரண்டு முழங்காலும் தரையைத் தொட்டன, இரண்டு உள்ளங்கையும் தொட்டன, அதற்குப் பிறகுதான் ஆள் உட்கார்ந்தார். எழும்பும்போது ஒரு முழங்காலில் ஏறி, இரண்டு கையையும் விரித்து ஊன்றி எழும்பினார். நோவு இல்லை, மூச்சு வாங்கவில்லை, முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது.

"குந்தக்குள்ள நாலு போச்சு" என்று நிஸ்றா விரலை மடக்கினாள். "எழும்பக்குள்ள மூணு போச்சு. ஏழு போனா மூணு. பத்துக்கு மூணு வாப்பா! எங்கட கம்பஸில இது ஃபெயில்."

"மறுகா ஒருக்கா செய்றன், பாரு."

மறுகாவும் மூன்றுதான். மூன்றாவது தரம், கையை ஊன்றக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். கை கேட்கவில்லை, தானாகப் போயிற்று. நிஸ்றா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, உம்மா கூப்பிட்டாள் என்று குசினிக்குப் போய்விட்டாள். கொப்பியில் பெரிதாக ஒரு மூன்று, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

அப்துல் கபூர் தனியாக இருந்து வீடியோவின் மிச்சத்தைப் பார்த்தார். அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நண்பர்களே," என்றான் அந்த இளைஞன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூணு பாயிண்டும் அதுக்குக் கீழயும் எடுத்தவங்கள்ள நெறைய பேர் அடுத்த ஆறு வருஷத்தத் தாண்டுறதில்ல."

நிறையப் பேர் என்றுதான் சொன்னான். ஆனால் அப்துல் கபூரின் காதில் அது அவருடைய பெயராகவே விழுந்தது. விரல் விட்டு எண்ணினார். அறுபத்தொன்றும் ஆறும் அறுபத்தேழு. அவருடைய வாப்பா மவுத்தானதும் சரியாக அறுபத்தேழில்தான். ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

வாப்பா போனபோது கடைசித் தங்கச்சி அஸீமாவுக்குக் கலியாணம் ஆகியிருக்கவில்லை. அவளுக்கு ஒரு வீடு கட்டி, ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கரைசேர்க்கும் வரை ஏழு வருஷம் அப்துல் கபூர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அந்தப் பாட்டை இஷாமின் தலையில் வைத்துவிட்டுப் போவதா? மூத்தவள் ஷாகிராவைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவளுக்கு முன்வீடு. நிஸ்றாவுக்கென்று மேல்மாடி அரைவாசியில் நிற்கிறது. மனக் கண்ணில் அந்த மேல்மாடியும், பூச்சில்லாத சுவரும், வெள்ளைத் துணியில் சுற்றிய தன் மையத்தும் ஒன்றாகத் தெரிந்தன.

ஏறாவூரில் இருந்து ஒரு சம்பந்தம் மூன்று மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தது. முஹம்மட் ஹாஜியாரின் மகன் ஸாஹிர், இருபத்தொன்பது வயது, சவூதியில் நல்ல வேலை. பையனில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் உடனே நிக்காஹ்வை முடித்து, பெண்ணை அங்கே கூட்டிப் போகக் கேட்டார்கள். அப்படிப் போனால் நிஸ்றாவின் படிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். "படிச்சு முடிச்ச பொறவுதான் உனக்குக் கலியாணம், இது வாப்பாட வாக்கு" என்று கம்பஸுக்குப் போன முதல் நாள் அவளுக்குச் சொல்லியிருந்தார். அதனால் ஹாஜியாருக்கு இன்றுவரை நழுவலாகவே பதில் சொல்லி வந்தார்.

அன்றைக்குப் பின்னேரமே ஹாஜியாருக்குக் கோல் எடுத்தார். "ஞாயிற்றுக்கிழம பகல் சாப்பாட்டுக்கு வாங்க. திகதியக் குறிச்சிருவம்" என்றார்.

செய்தி வீட்டுக்குள் பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முன்னமே நிஸ்றா வந்து எதிரில் நின்றாள்.

"நீங்கதானே வாக்குத் தந்தீங்க வாப்பா?"

"தந்தன். இப்ப நிலம மாறிட்டு."

"என்ன மாறின? பகல்கூட மார்க் போட்டுச் சிரிச்சிட்டு இருந்தமே!"

அந்த மார்க்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஏழு புள்ளியையும் தன் கையாலேயே கழித்தவள் அவள். "உனக்கு விளங்காத விசயம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அழுதாள். அதற்குப் பிறகு அவருடைய தேத்தண்ணி சொல்லில்லாமல் வந்து, சொல்லில்லாமல் போனது. அது அவருக்கு நெஞ்சில் குத்தியது. ஆனால் ஆறு வருஷக் கணக்கு அதைவிட அதிகமாகக் குத்தியது.

புதன்கிழமை வேறு விதமாக முயன்று பார்த்தார். கை தானாகப் போகிறதென்றால் கையைக் கட்டிவிட வேண்டியதுதானே. மனைவி கைறுன்னிஸாவைக் கூப்பிட்டு, சால்வையைக் கொடுத்து, கையைப் பின்னால் கட்டச் சொன்னார்.

"என்னத்துக்கு?" என்றாள் அவள்.

"கட்டு புள்ள, பொறவு சொல்றன்."

கட்டினாள். உட்காரும்போது 'தொப்' என்று விழுந்தார். எழும்பும்போது பக்கவாட்டில் சரிந்து மெத்தைக் கதிரைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டார். கைறுன்னிஸா சால்வையை அவிழ்த்து உதறி மடித்தாள்.

"இந்த வயசுல உங்களுக்கு என்ன வந்த? கையூண்டித்தானே எழும்போணும்? வேற என்னத்த ஊண்டுற?"

இதே சொல்லை அந்த இந்திய இளைஞன் வீடியோவில் சொல்லியிருந்தால் உடனே விளங்கியிருக்கும். கட்டின மனைவி சொன்னதால் விளங்கவில்லை. 'கையில்லாமல் நம்மால் எழும்ப முடியாது, உறுதியாகிவிட்டது' என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனார். டொக்டர் விதுர்ஷா சின்ன வயது, பொறுமைசாலி. பிரஷர் பார்த்தார், சீனி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். எல்லாம் நல்லது. பிறகு ஒரு கதிரையில் இருத்தி, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே கட்டச் சொல்லி, அரை நிமிஷத்தில் எத்தனை தரம் எழும்பி உட்காருகிறார் என்று எண்ணினார். பதினாறு தரம்.

"உங்கட வயசுக்கு இது நல்லாவே இருக்கு ஐயா" என்றார் டொக்டர்.

"அப்ப அந்த மூணு?"

வீடியோவைப் பற்றிச் சொன்னார். ஆறு வருஷத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார், பக்கத்துக் கதிரைக்குக் கேட்கக் கூடாதென்று.

"தரையில இருந்து எழும்புறதும் ஒரு சோதனைதான்" என்றார் டொக்டர். "காலில பலம் இருக்கா, தடுமாற்றம் இருக்கா எண்டு அதில கொஞ்சம் தெரியும். குறைவா வந்தா ஏன் எண்டு பாக்கோணும், அவ்வளவுதான். அது நாள் குறிக்கிற சாத்திரம் இல்ல. உங்களுக்கு முழங்கால் நோவா?"

"இல்ல."

"தலை சுத்துதா?"

"இல்ல டொக்டர்."

"அப்ப ஏன் கையூண்டுறீங்க?"

"அதான் எனக்கும் விளங்குதில்ல. கை தானாப் போகுது."

டொக்டரும் பேனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். வெளியில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். "தினமும் நடவுங்க. எதுக்கும் ஆறு மாசத்தில வந்து காட்டுங்க" என்று எழுதிக் கொடுத்தார். ஆறு என்ற எண்ணே அப்துல் கபூருக்கு இப்போது பிடிக்கவில்லை.

கதிரையில் இருந்து எழும்பினால் நல்ல உடம்பு, தரையில் இருந்து எழும்பினால் ஆறு வருஷம். ஒரே ஆள், ஒரே கால். எது உண்மை? மனிதர் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டு அடுத்த ஊரான ஆரையம்பதி வரை போய்த் திரும்பி வந்தார்.

அந்தக் குழப்பம் போதாதென்று வெள்ளிக்கிழமை அஸர்த் தொழுகை வந்தது. ஆற்றங்கரைப் பக்கம் ஒருவருக்குச் சாரன் கட்டொன்றைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வர, ஜமாஅத் தொடங்கிவிட்டது. கை கால் கழுவி வுழு எடுத்துக்கொண்டு வாசலில் ஏறும்போது எல்லோரும் நெற்றி தரையில் பட சுஜூதில் இருந்தார்கள். இமாம் தக்பீர் சொன்னார். வரிசை வரிசையாக ஆட்கள் எழும்பினார்கள்.

அப்துல் கபூர் வாசலிலேயே நின்றுவிட்டார். முதல் வரிசையில் எல்லோரும் இரண்டு கையையும் தரையில் ஊன்றினார்கள். இரண்டாம் வரிசையிலும் ஊன்றினார்கள். பதினெட்டு வயதுப் பையன்கள், பந்தடிக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரும் முழங்கால், கை, முழங்கால், கை. நூறு பேர், இருநூறு கை. ஒருவனாவது கை ஊன்றாமல் எழும்ப வேண்டுமே! ஒருவனும் இல்லை.

'யா அல்லாஹ், ஊரே போகப் போகுதா?' என்று நினைத்தார்.

சிரிக்க வேண்டாம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தினமும் கண்ணால் காண்கிற காட்சியைத்தான் அவர் பார்த்தார். பார்க்கும்போது மனதுக்குள் அந்தக் கொப்பியும் வட்டம் போட்ட மூன்றும் இருந்தன. பயந்தவனின் கண்ணுக்குக் கயிறும் பாம்பும் ஒன்றாகிவிடும். தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தவர் நேரே குசினிக்குப் போனார்.

"இந்த ஊருல ஒருத்தனுக்கும் உடம்புல சத்தில்ல புள்ள. எல்லாம் இந்தக் கொத்து ரொட்டியும் பிரியாணியும் செஞ்ச வேல."

கைறுன்னிஸா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஞாயிற்றுக்கிழம பிரியாணி வேணாமா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லுஹர்த் தொழுகை முடிந்ததும் ஏறாவூர் வேன் வந்து நின்றது. முஹம்மட் ஹாஜியார் வெள்ளைத் தாடியும் வெள்ளை ஜுப்பாவுமாக இறங்கினார். பின்னால் ஸாஹிர், தோள் அகன்ற பையன், சட்டைக் கை புஜத்தில் இறுகி நின்றது. அவனுடைய உம்மா உள்ளே பெண்களிடம் போய்விட்டார். ஆண்களுக்கு முன்விறாந்தையில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்தார்கள். பெரிய தட்டு, பிரியாணி, கோழிப் பொரியல், வட்டிலப்பம். ஒரே தட்டைச் சுற்றி மூன்று பேரும் உட்கார வேண்டும். அறைத் திரைக்குப் பின்னால் நிஸ்றா இருக்கிறாள் என்று அப்துல் கபூருக்குத் தெரியும். காலையில் இருந்து அவள் கண் சிவந்திருந்ததும் தெரியும்.

ஸாஹிர் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டு, கை இரண்டு.

அப்துல் கபூர் வேண்டுமென்று எண்ணவில்லை. ஐந்து நாளாக எண்ணியே பழகிவிட்டார், யார் உட்கார்ந்தாலும் விரல் தானாக மடங்கியது. ஹாஜியார் திகதியைப் பற்றி, விசாவைப் பற்றி, மேல்மாடியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அப்துல் கபூர் "ஓம், ஓம்" என்றார். எதற்கு ஓம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. சாப்பாடு முடிந்தது, செம்பும் சட்டியும் வந்தன, இருந்த இடத்திலேயே கை கழுவினார்கள். ஸாஹிர் எழும்பினான். ஒரு முழங்கால், இரண்டு கை.

"மூணு!" என்றார் அப்துல் கபூர், வீதிக்குக் கேட்கும்படி.

"என்ன மூணு?" என்றார் ஹாஜியார்.

"மகன், உங்களுக்கு வயசு இருபத்தொன்பதுதானே?"

"ஓம் மாமா."

இருபத்தொன்பதும் ஆறும் முப்பத்தைந்து. நிஸ்றாவுக்கு இருபத்தொன்று, ஆறு வருஷம் போனால் இருபத்தேழு. இருபத்தேழு வயதில் விதவையாக வெள்ளை உடுத்து இத்தா இருக்கிற மகளை அவர் கண்ணால் கண்டார். தான் கண் மூடுவதற்குள் கரைசேர்க்க நினைத்த பிள்ளையை, தன்னோடு சேர்ந்து கண் மூடப் போகிறவனுக்கா கொடுப்பது?

"இன்னொருக்கா குந்தி எழும்புங்க பாப்பம். கையூண்டாம."

ஸாஹிர் வாப்பாவைப் பார்த்தான். ஹாஜியார் கூரையைப் பார்த்தார். மாமனாராகப் போகிறவர் கேட்கிறார், மறுக்கவும் முடியாது. கையைத் தூக்கிக்கொண்டு உட்காரப் போனவன் நடுவழியில் தடுமாறிப் பாயில் விழுந்தான்.

"ஏலாது மாமா" என்று வெட்கத்தோடு சிரித்தான்.

"முழங்கால் நோவா?"

"ஒரு நோவும் இல்ல. ஜிம்மில எண்பது கிலோ தூக்குறன்."

"அப்ப கை ஏன் கீழ போகுது?" அப்துல் கபூரின் குரல் கெஞ்சியது. ஐந்து நாளாக அவரைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அது.

ஸாஹிர் இருந்தபடியே தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தான். "தொழுகையில எழும்புற மாதிரி வந்துட்டு மாமா. மதரஸாவுல கையூண்டி எழும்பத்தானே பழக்கின. சின்னதுல இருந்து அப்படித்தானே எல்லாரும் எழும்புறம். வேற மாதிரி எழும்பி எனக்குப் பழக்கமே இல்ல."

"நான் இதத்தானே புதன்கிழம சொன்ன!" என்று திரைக்குப் பின்னால் இருந்து கைறுன்னிஸாவின் சத்தம் வந்தது.

அப்துல் கபூர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். ஏழு வயதில் மதரஸா ஹஸரத், தோளைப் பிடித்து, "கைய ஊண்டு, ஊண்டி எழும்பு" என்று பழக்கியது நினைவுக்கு வந்தது. முழங்கால், கை, ஒரு நாளைக்கு இத்தனை தரம், ஐம்பத்துநாலு வருஷம். கை வேறு எங்கே போகும்? பள்ளியில் எழும்பிய இருநூறு கையும் அதற்காகத்தான் போயின. ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு?

அதுதான் தெரியவில்லை. மூன்று என்பது பொய் என்றால், அவருடைய உண்மையான புள்ளி எத்தனை? ஏழா, எட்டா? இந்தப் பழக்கம் இல்லாமல் ஒருநாளும் வாழ்ந்ததில்லையே, எதைக் கொண்டு அளப்பது? ஒரு முடிச்சு அவிழ்ந்த இடத்தில் இன்னொன்று விழுந்தது.

"சரி, இந்த விளையாட்டு இருக்கட்டும்" என்று ஹாஜியார் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "ஸாஹிருக்கு அடுத்த மாசம் சவூதிக்குக் கிறுகிப் போகோணும். அதுக்கு முன்ன நிக்காஹ். திகதியச் சொல்லுங்க."

திரை அசைந்தது. காற்றில்லை. அப்துல் கபூர் திரையைப் பார்த்தார், ஹாஜியாரைப் பார்த்தார், இன்னும் பாயிலேயே இருக்கிற பையனைப் பார்த்தார்.

"ஹாஜியார், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார். "எனக்கு ஆறு வருஷம்தான் ஹயாத்து எண்டு ஒரு வீடியோவப் பாத்து நினைச்சிட்டன். அந்தப் பயத்துலதான் உங்களக் கூப்பிட்ட. நான் என்ட மகளுக்குப் படிச்சு முடிக்கட்டும் எண்டு வாக்குக் குடுத்திரிக்கன். அந்த வாக்க முறிக்க எனக்கு ஒரு காரணமும் இல்ல இப்ப. ரெண்டு வருஷம் பொறுக்க ஏலுமெண்டா பொறுங்க."

ஹாஜியாரின் முகம் கறுத்தது. "ஒரு வீடியோவுக்கா ஏறாவூர்ல இருந்து வேன் பிடிச்சு வரச் சொன்ன?"

"ஓம். பிழ என்னுலதான்."

"ரெண்டு வருஷத்துக்கு எங்களால இருக்க ஏலாது கபூர்" என்று எழும்பினார் ஹாஜியார். எழும்பும்போது அவரும் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழும்பினார். யாரும் எண்ணவில்லை.

வாசலில் வேன் ஏறும்போது ஸாஹிர் மட்டும் திரும்பி வந்தான். ஏதோ பெரிய சொல் சொல்லப் போகிறான் என்று அப்துல் கபூர் பார்த்தார். "மாமா, அந்த வீடியோவ எனக்கும் அனுப்புங்க" என்று கேட்டுவிட்டுப் போனான். நல்ல பையன்தான். அந்த இழப்பு அப்துல் கபூருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

விறாந்தையில் சஹன் அப்படியே கிடந்தது. கைறுன்னிஸா ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டை எடுத்துப் போனாள். பேச வேண்டியதையெல்லாம் ராத்திரிக்கு வைத்திருக்கிறாள் என்று அந்த நடையில் தெரிந்தது. அப்துல் கபூர் பாயில் தனியே இருந்தார். நிஸ்றா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷம் எண்டு அதுல சொன்னதா?"

"ஓம்."

"எனக்குத் தெரியா. நான் கடைசிவரைக்கும் பாக்கல்ல." "ஏழையும் கழிச்சது நான்தானே. எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே வாப்பா."

"உனக்கு ஏன் பயத்தக் குடுப்பான் எண்டு நினைச்சன்."

"அதுக்குக் கலியாணத்தக் குடுத்தீங்க."

அவருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. "பயந்துட்டன் மகள். என்ட வாப்பா போன மாதிரி உன்ன அரைவாசியில விட்டுட்டுப் போயிருவனோ எண்டு பயந்துட்டன்" என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். "இன்னும் எனக்கு விளங்கல்ல. டொக்டர் நல்லம் எண்டுறா, வீடியோக்காரன் இல்ல எண்டுறான். நான் நல்லா இரிக்கனா இல்லையா?"

"தெரியா வாப்பா" என்றாள் நிஸ்றா. கம்பஸில் படிக்கிறவள், ஏதாவது ஒரு கணக்குச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவள் சொல்லவில்லை. "எனக்கு ரெண்டு வருஷம் இரிக்கி. பட்டம் வாங்கக்குள்ள நீங்க வந்து முன்னுக்கு இரிக்கோணும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார். அந்தச் சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிறவர். இன்றைக்குத்தான் அதன் பொருள் தன் காதில் விழச் சொன்னார்.

அஸருக்குப் பாங்கு சொன்னது. நிஸ்றா முதலில் எழும்பி, குனிந்து, அவருக்குக் கையை நீட்டினாள். அவர் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பழக்கம்போலத் தரையில் ஊன்றி, ஒரு முழங்காலில் ஏறி எழும்பினார்.

"இப்ப எவ்வளவு மகள்?" என்று கேட்டார்.

"நான் எண்ணல்ல வாப்பா" என்றாள் நிஸ்றா. கையை அவள் விடவில்லை.